புதருக்குப் பின்னால் மாண்புமிகு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கிசிமா ம்போகோ தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இன்று முதல் எந்த மனிதப் பாதமும் மண்ணைத் தொடக்கூடாது. எந்த நாட்டவராயினும், எந்தப் பதவியினராயினும், எவ்வளவு அவசரமாயினும், வண்டியை விட்டு இறங்குவது குற்றம். இறங்கியவர் மன்னிக்கப்படலாம், இறக்கிவிட்ட ஓட்டுநர் மன்னிக்கப்படமாட்டார். அவருடைய வழிகாட்டி பேட்ஜ் பறிக்கப்படும், ஆயுளுக்கும் திரும்பக் கிடைக்காது. வனவிலங்குகளின் மன அமைதியையும் தேசத்தின் மானத்தையும் காப்பாற்ற வேறு வழியில்லை.

மாவட்ட ஆணையர் மாண்புமிகு பொனவெந்துரா கஷிண்டி இதைப் பூங்கா வாசலில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து வாசித்தார். வனவிலங்குகளின் சார்பில் ஒரு பபூன் குரங்கு வந்திருந்தது. பந்தல் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து விருந்தினருக்கு வைத்திருந்த சம்பூசாக்களில் கண்ணாக இருந்தது. 'எவ்வளவு அவசரமாயினும்' என்ற இடத்தில் ஆணையர் விரலை உயர்த்தினார். அந்த வரி அவருக்கே மிகவும் பிடித்துப்போனதால் இன்னொரு முறை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. வாசித்த பிரதியில் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்துப் போட்டு, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஓட்டுநர்கள் வரிசையில் நின்றிருந்த எஸ்ரோமும் கை தட்டினான். தட்டிய கையோடு நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது பித்தளைதான். ஆனால் அவன் அதைத் தினமும் துடைத்த துடைப்பில் தங்கம் தோற்றுவிடும். போன மாதம் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடிக்காகப் பாதையை விட்டு வண்டியை இறக்கி, சிங்கத்தின் மூக்குக்கே கொண்டுபோய் நிறுத்தியதில் அவனுக்கு இறுதி எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு புகார் வந்தால் பேட்ஜ் போய்விடும். பேட்ஜ் போனால் டவுனில் மச்சினன் காட்லவ் ஓட்டும் டாலாடாலா மினிபஸ்ஸில்தான் பிழைப்பு. காட்லவ் ஏற்கெனவே ஆறுதல் சொல்லிவிட்டிருந்தான்: "கவலைப்படாதீங்க மாமா. முதல்ல கண்டக்டரா வாங்க. ஓட்டறதைப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

உத்தரவுக்குப் பிறகு விருந்து. ஆட்டு சூப், சுட்ட ஆட்டுக்கறி, கம்பியில் கோத்த மிஷ்காக்கி. கடைசியாக மாசாய் பழங்குடிப் பெரியவர்கள் சுரைக்குடுவையில் புளித்த பால் கொண்டுவந்து ஆணையரின் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். செய்தி அதிகாரி டெவோதா கேமராவை இறக்கிவிட்டு, "ஐயா, பதிவாகலை. பட்டனை அமுக்க மறந்துட்டேன்" என்றாள். இன்னொரு குடுவை வந்தது. குடித்து முடித்தபோது பின்னால் நின்ற பபூனும் படத்தில் விழுந்திருந்தது. மூன்றாவது குடுவைதான் செய்திக்கு உதவியது.

பிறகு சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த முதல் சவாரி. மண்ணைத் தொடாமல் பூங்காவைச் சுற்றி வந்து, ஒரு சிறுத்தையையும் பார்த்து, அந்தப் படம் பத்திரிகையில் வரவேண்டும் என்பது ஆணையரின் திட்டம். ஓட்டுநராக எஸ்ரோமைப் போட்டார்கள். டெவோதாவும் கேமராவோடு ஏறிக்கொண்டாள். ஆணையர் சிறுத்தை தேடுகிறார் என்ற சேதி வயர்லெஸ் வழியாகப் பூங்காவிலிருந்த எல்லா வண்டிகளுக்கும் போய்விட்டது.

வழியெல்லாம் ஆணையர் எஸ்ரோமுக்கு யானைகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். யானை ஒழுக்கமான பிராணி, வரிசையில் போகும், உத்தரவை மதிக்கும். சொல்லி முடிக்கும்போதே ஒரு கொம்பன் யானை பாதையை மறித்து நின்றுகொண்டு, சாவகாசமாகச் சாணம் போட்டுவிட்டுப் போனது. ஆணையர் அதைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்த மாதிரி எஸ்ரோமுக்குத் தோன்றியது. அதற்கப்புறம் பாடம் நின்றுவிட்டது. ஒவ்வொரு குழியிலும் வண்டி விழுந்து எழும்போது பின்சீட்டிலிருந்து ஒரு மெல்லிய முனகல் வந்தது.

"எஸ்ரோம்."

"ஐயா."

"இந்தப் பக்கம் கழிப்பறை எங்க இருக்கு?"

"நீங்க அடிக்கல் நாட்டினீங்களே ஐயா, ஒத்தை வேலமரத்துக்கிட்ட. அதான்."

"அங்க ஓட்டு. சீக்கிரம். ஆனா மெதுவா."

எஸ்ரோம் சீக்கிரமாகவும் மெதுவாகவும் ஓட்டினான். அடிக்கல் வந்தது. 'நவீனக் கழிப்பறை வளாகம்' என்று பொறித்து, கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் ஆணையரின் பெயர். கல்லின் மேல் ஒரு சிவப்புத்தலை ஓணான் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு புதர், புதருக்கு மேல் குடை பிடித்த மாதிரி அந்த வேலமரம். அவ்வளவுதான்.

"கட்டடம் எங்கய்யா?"

"கல்லு இருக்கு, ஐயா."

ஆணையர் கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். பிறகு கதவின் பிடியைப் பிடித்தார்.

"ஐயா, உத்தரவு..."

"உத்தரவு யாரு போட்டது?"

"நீங்கதான் ஐயா. காலையில."

"அது பயணிகளுக்கு. நான் பயணியா? நான் அரசாங்கம். அரசாங்கம் இறங்கினா அது இறங்கறதுல சேராது."

"எந்தப் பதவியினராயினும்னு இருக்கு, ஐயா," என்றாள் டெவோதா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "எவ்வளவு அவசரமாயினும்னும் இருக்கு. அதை ரெண்டு தடவை வாசிச்சீங்க."

"டெவோதா, கேமராவை அணை."

"யானைக்கு அப்புறம் போடவே இல்லையே, ஐயா."

எஸ்ரோம் திரும்பி உட்கார்ந்தான். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. யாராவது பாத்துட்டா என் பேட்ஜ் போயிடும்."

"யாருய்யா பாக்கப்போறா? சுத்திப் பாரு. ஒரு ஈ காக்கா இருக்கா?"

ஈ இருந்தது. தோலைத் துளைத்து ரத்தம் குடிக்கும் ட்செட்சே ஈ, வண்டிக்குள்ளேயே ஏராளமாக இருந்தது. ஆனால் ஆணையரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்பதைப் பார்த்தபிறகு எஸ்ரோம் வாதாடவில்லை. விருந்தினர் புதருக்குப் பின்னால் ஒதுங்குவதற்கு ஓட்டுநர் பாஷையில் மருந்து தோண்டுவது என்று பெயர். அதற்கு ஒரு முறை உண்டு. எஸ்ரோம் ஹார்ன் அடித்தான். இறங்கிக் கை தட்டினான். மண்ணாங்கட்டி எடுத்துப் புதருக்குள் எறிந்தான். வலது பக்கம், இடது பக்கம், பின்பக்கம் எல்லாம் போய்ப் பார்த்தான். எதுவும் இல்லை.

"போங்க ஐயா. நான் காவல் இருக்கேன்."

தேசத்தின் மானம் புதருக்குப் பின்னால் ஓடி மறைந்தது.

எஸ்ரோம் வண்டிக்குள் ஏறி, கூரையைத் தூக்கிவிட்டு, சீட்டின் மேல் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டான். விருந்தினர் மருந்து தோண்டும்போது ஓட்டுநர் புதரைச் சுற்றிக் கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும். புல் அசைந்தால்கூட விடக்கூடாது. அதைத்தான் அவன் செய்தான். தப்பும் அங்கேதான் நேர்ந்தது.

ஏனென்றால் அந்தப் பூங்காவில், எஞ்சினை அணைத்துவிட்டு, கூரையைத் தூக்கிக்கொண்டு, பைனாகுலரோடு ஆடாமல் நிற்கும் ஓட்டுநர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். மீன் கூடையை நோக்கிப் பூனைகள் வருவதுபோல மற்ற வண்டிகள் வந்துவிடும். முதலில் வந்தவன் ஹமிசி. பேட்ஜ் வாங்கிய நாளிலிருந்து எஸ்ரோமுக்குக் கூட்டாளி, அதே நாளிலிருந்து போட்டியாளன். வண்டியை ஓசையில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான். வண்டி நிறைய டச்சுக்காரர்கள்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல."

ஹமிசியின் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே ஒன்றும் இல்லாத ஓட்டுநர், 'காலையிலிருந்து ஒரு எழவும் இல்லடா' என்று புலம்புவான். 'ஒண்ணுமில்ல' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவன், தான் கண்டுபிடித்ததைத் தன் விருந்தினருக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறவன். ஹமிசி தன் டச்சுக்காரர்களிடம் திரும்பி, பிரார்த்தனைக் குரலில் சொன்னான்: "சிறுத்தை."

"டேய், சத்தியமா ஒண்ணுமில்லடா. போயிடு."

"குட்டியோட இருக்கா?"

"எதுவும் இல்ல."

"அப்ப ஆண். பெருசு." ஹமிசி வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஆணையர் எங்கடா?"

எஸ்ரோம் பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தான். டெவோதா தலை நிமிராமல் சொன்னாள்: "கீழ படுத்திருக்கார், அண்ணே. விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சவர். தூங்கட்டும்."

"சிறுத்தை வந்த நேரத்துலயா?"

"அவருக்கு எல்லாமே நேரம் கெட்ட நேரத்துலதான் வரும்."

அதற்குள் மேட்டின் மேல் புழுதி எழுந்தது. ஒரு வண்டி, அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று, அப்புறம் ஒரே புழுதிதான், வண்டி தெரியவில்லை. வந்த ஓட்டுநர் ஒருவனும் 'எங்கே இருக்கிறது' என்று கேட்கவில்லை. கேட்டால் தனக்குக் கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒவ்வொருவனும் வந்தான், புதரைப் பார்த்தான், பார்த்துவிட்டவன்போலத் தலையாட்டினான், "அந்தக் கிளைக்கு இடதுபக்கம், கொஞ்சம் கீழே" என்று தன் விருந்தினருக்குக் காட்டினான். பீரங்கி போன்ற கேமராக்கள் கூரைகளுக்கு மேல் எழுந்து, எல்லாம் ஒன்றுபோலப் புதரைக் குறிவைத்தன.

புதர் லேசாக ஆடியது. நாலைந்து பாஷைகளில் பெருமூச்சு கேட்டது.

"வால்!" என்றாள் ஒரு டச்சுக்காரப் பெண்மணி. "வால் தெரிகிறது."

எஸ்ரோம் பைனாகுலரைத் திருகினான். ஒரு கிளையிலிருந்து ஏதோ பழுப்பாக, நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணையரின் பெல்ட். வசதிக்காகக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

"வால்தான்," என்று ஹமிசி உறுதி செய்தான். அப்போது புதரிலிருந்து ஆழமான ஒரு முனகல் எழுந்தது. ஹமிசி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு விளக்கினான். "வயிறு முட்டத் தின்னுருக்கு. அதான் எந்திரிக்க மாட்டேங்குது. பாவம், சீரணம் ஆகணும்." ஒரு பெண்மணி அதைக் குறித்துக்கொண்டாள்.

டெவோதாவின் கைபேசி அதிர்ந்தது. அவள் குனிந்து காதில் வைத்துக்கொண்டாள். எஸ்ரோமும் காதைச் சாய்த்தான்.

"டெவோதா, அங்க என்ன சத்தம்?"

"வண்டிங்க, ஐயா."

"எத்தனை?"

"பூங்காவுல இருக்கறது எல்லாமே, ஐயா."

புதர் ஒருமுறை ஆடி நின்றது.

"போகச் சொல்லு."

"யார் சொன்னாங்கன்னு சொல்லட்டும், ஐயா?"

"சரி வேணாம். கையில பேப்பர் ஏதாவது இருக்கா?"

"எங்கிட்ட இல்ல, ஐயா. உங்க சட்டைப்பையில ஒண்ணு இருக்கு. காலையில வெச்சீங்க."

அந்தப் பக்கம் கைபேசி அணைந்தது. புதருக்குள் காகிதம் கிழியும் ஓசை எஸ்ரோமுக்குக் கேட்டது. டச்சுக்காரர்களுக்குச் சருகு மிதிபடும் ஓசையாகக் கேட்டது.

எஸ்ரோம் யோசித்தான். ஆணையர் எழுந்து வெளியே வந்தால் இத்தனை கேமராவும் சாட்சி. எஸ்ரோமின் விருந்தினர், எஸ்ரோமின் வண்டி, எஸ்ரோமின் பேட்ஜ். வராமல் இருட்டும் வரை அங்கேயே இருந்தால் சிங்கம் வரும்; அதற்கும் எஸ்ரோம்தான் பதில் சொல்லவேண்டும். காட்லவ் மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கூவக் கற்றுத்தரும் காட்சி கண்ணுக்குள் ஓடியது. கடவுளே என்று பைனாகுலரோடு முகத்தை வானத்தை நோக்கி உயர்த்தினான். வழியில் வேலமரம் குறுக்கே வந்தது.

மரத்தில் இன்னொரு வால் தொங்கியது.

அந்த வாலைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் கிளை நெடுக ஒரு சிறுத்தை படுத்திருந்தது. அசல் சிறுத்தை. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறதோ. கூடி நின்ற அத்தனை வண்டியையும் அது பொருட்படுத்தவில்லை. முன்னங்கால்களுக்கு மேல் மோவாயை வைத்துக்கொண்டு, நேர் கீழே, ஆணையரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்துச் சஃபாரி வந்த பயணியின் கவனம் அதில் இருந்தது.

ஹார்ன் அடித்துக் கை தட்டி மூன்று பக்கமும் சோதித்தவன் மேலே மட்டும் பார்க்கவில்லை. சிறுத்தை மரத்தில் இருக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள்.

"டெவோதா," என்றான் மெதுவாக. "சிறுத்தை இருக்கு."

"அதான் ஊரே சொல்லுதே, அண்ணே."

"நிஜமாவே இருக்கு. அவர் தலைக்கு மேல."

டெவோதா பார்த்தாள். கேமராவைப் போட்டாள்.

பாதையை விட்டு இறங்கினால் இறுதி எச்சரிக்கைக்கு மேல் ஒரு புகார்; பேட்ஜ் நிச்சயம் போகும். இறங்காவிட்டால் மாவட்டத்துக்கு வேறு ஆணையர் தேடவேண்டும். எஸ்ரோம் பேட்ஜைக் கடைசியாக ஒருமுறை சட்டைக்கையால் துடைத்தான். எஞ்சினைக் கிளப்பினான். கல்லைச் சுற்றி வளைத்து, ஓணானை அலறவிட்டு, புதருக்கும் கூட்டத்துக்கும் நடுவே வண்டியைக் கொண்டுபோய்ச் சொருகினான். பின்னால் எல்லா மொழியிலும் வசவு கிளம்பியது. டெவோதா மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க ஐயா. மேல பாக்காதீங்க."

மேலே பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள். ஆணையர் பார்த்தார். பிறகு காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றாலும் தவழ்ந்து, வண்டியின் தரையில் வந்து விழுந்தார்.

"என் பெல்ட்..."

"விடுங்க ஐயா, அது இப்ப வால்."

எஞ்சின் சத்தம் பிடிக்காமல் சிறுத்தை எழுந்தது. சோம்பல் முறித்தது. புதர் மேல் தாவி, அதற்குள்ளிருந்தே புறப்பட்டதுபோல மறுபக்கம் பாய்ந்து, வண்டிகளுக்கு நடுவே எல்லாருக்கும் முதுகையும் பக்கத்தையும் காட்டிவிட்டுப் புல்லுக்குள் மறைந்தது. கேமராக்களின் க்ளிக் ஓசை ஆலங்கட்டி மழைபோலப் பொழிந்தது. டச்சுக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"நான் சொன்னேனா இல்லையா," என்றான் ஹமிசி. தான் ஒன்றையும் பார்க்காமல்தான் சொன்னோம் என்பது அந்த நிமிடத்தில் அவனுக்கே மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் வாசலில் தலைமை வனக்காவலர் காத்திருந்தார். பாதையை விட்டு இறங்கி, அத்தனை கேமராவையும் மறைத்து, சிறுத்தையை விரட்டியதாக எஸ்ரோம் மேல் புகார்கள் குவிந்திருந்தன. அவர் கையை நீட்டினார்.

"பேட்ஜைக் கழட்டுப்பா. காலையில ஐயா உத்தரவு, சாயங்காலம் நீ. ரொம்பத் துணிச்சல்."

எஸ்ரோம் ஆணையரைப் பார்த்தான். ஆணையர் இடது கையை இடுப்பில் ஊன்றி, கம்பீரமாக, அதாவது காற்சட்டை விழாமல், நின்றுகொண்டிருந்தார். தூரத்து மலையில் அவருக்கு ஏதோ முக்கியமான வேலை இருந்தது. எஸ்ரோமின் விரல் ஊசியைத் தேடியது.

அப்போது ஹமிசியின் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாக ஒரு பெல்ட்டை நீட்டினான். பித்தளைக் கொக்கியில் அரசு முத்திரை மின்னியது. "புதர்ல தொங்கிச்சு. ஜன்னல் வழியாத்தான் எடுத்தேன், இறங்கலை. யாரோடதுன்னு தெரியலை." சொல்லிக்கொண்டே ஆணையரின் இடது கையைப் பார்த்தான். பிறகு எஸ்ரோமின் வெளிறிய முகத்தைப் பார்த்தான். விஷயம் ஒரு சொட்டு ஒரு சொட்டாக அவனுக்குள் இறங்கியது. "அளவு பெருசா இருக்கு. ஐயா கொஞ்சம் போட்டுப் பாக்கறீங்களா?"

தலைமை வனக்காவலரும் திரும்பினார். டெவோதா கேமராவைத் தூக்கினாள். "எடுக்கட்டுமா, ஐயா? இந்தத் தடவை பட்டனை அமுக்கிட்டேன்."

ஆணையர் நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"இது கண்ணி," என்றார். "வேட்டைத் திருடர்கள் வைத்த கண்ணி. சிறுத்தைக்கு வைத்தது. நான்தான் பார்த்தேன். என் உத்தரவின்பேரில்தான் எஸ்ரோம் பாதையை விட்டு வண்டியை இறக்கினான். சிறுத்தை காப்பாற்றப்பட்டது. பேட்ஜ் அவனிடமே இருக்கட்டும்."

"கொக்கியில அரசு முத்திரை இருக்கே, ஐயா," என்றார் தலைமை வனக்காவலர்.

"திருடனுக்கு என்ன, எதையும் திருடுவான்."

பெல்ட் இப்போது பூங்கா அலுவலகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், 'கைப்பற்றப்பட்ட கண்ணி' என்ற சீட்டோடு இருக்கிறது. சிறுத்தையைக் காப்பாற்றிய ஆணையரின் படம் பத்திரிகையில் வந்தது. இடது கை இடுப்பில் இருந்தது. பார்த்தவர்கள் அதை ஒரு தோரணை என்றே நினைத்தார்கள். மண்ணைத் தொடக்கூடாது என்ற உத்தரவு மட்டும் அமலுக்கு வரவில்லை. கையெழுத்திட்ட பிரதியைத் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. எஸ்ரோம் அதே பேட்ஜைத் துடைத்துக்கொண்டு அதே வண்டியை ஓட்டுகிறான். விருந்தினர் கதவின் பிடியைப் பிடித்தால் முதலில் மரத்தைத்தான் பார்க்கிறான். சம்பவ இடத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கவேண்டும் என்று மாவட்டக் கவுன்சிலில் தீர்மானம் போட்டார்கள். பழைய கல்லுக்குப் பக்கத்திலேயே புதுக்கல்லும் வந்துவிட்டது. அதிலும் ஆணையரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது.

கழிப்பறை இன்னும் கட்டவில்லை.